பிள்ளை பார்க்க ஓர் ஆள்

நம்மவர்களுக்கு எதையும் 'பார்ப்பதற்கு' ஒரு சாஸ்திரம் உண்டு. பெண் பார்ப்பதற்கு உண்டு. ஜோசியரிலிருந்து தரகர் வரை அதற்கு ஆட்களும் உண்டு. வீடு பார்ப்பதற்கு உண்டு. வாசல் எந்தத் திசை, கிணறு எந்த மூலை என்று சொல்ல மனையடி சாஸ்திரம் இருக்கிறது. மாடு பார்ப்பதற்கு இருக்கிற சாஸ்திரமோ இவை எல்லாவற்றையும்விட நுட்பமானது. சந்தைக்கு மாடு பிடிக்கப் போகிறவர் சுழி பார்ப்பார், பல்லைப் பிடித்துப் பார்ப்பார், நாலடி நடக்கவிட்டும் பார்ப்பார். ஆனால் பிள்ளை பார்க்க ஓர் ஆள் பார்ப்பதற்கு மட்டும் நம் முன்னோர்கள் ஒரு வரிகூட எழுதி வைத்ததாக நான் கேட்டதில்லை. காது குத்துவதற்குக்கூட நாள் நட்சத்திரம் குறித்து வைத்தவர்கள் இதை ஏன் விட்டுவிட்டார்கள் என்று நான் யோசித்ததே கிடையாது. எங்கள் வீட்டுக்கே அந்தத் தேவை வந்தபோதுதான் யோசித்தேன்.

என் மகள் நாகர்கோவிலில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கிளையில் வேலை பார்க்கிறாள். மருமகன் துபாயில். எங்கள் மாவட்டத்தில் இது ஒன்றும் புதுமையல்ல. தெருவுக்கு நாலு வீட்டில் மருமகன்மார் துபாயிலோ மஸ்கட்டிலோதான் இருக்கிறார்கள். பேத்தி பிறந்தாள். 26 வாரம் லீவு கிடைத்தது. 2017-ல் சட்டத்தைத் திருத்தியபோது, அதுவரை 12 வாரமாக இருந்த பேறுகால விடுமுறை முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரமாயிற்று. நல்ல காரியம்தான். ஆனால் 26 வாரம் என்பது, குழந்தை குப்புற விழுந்து, தவழ்ந்து, அகப்பட்டதையெல்லாம் வாயில் போடத் தொடங்குகிற சமயத்தில் சரியாக முடிந்துவிடுகிறது.

எங்கள் தெருவையே எடுத்துக்கொள்ளுங்களேன். கோடி வீட்டுப் பெண் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். தமிழ்நாடு அரசு 2021 முதல் தன் ஊழியர்களுக்கு இந்த லீவை 12 மாதமாக்கிவிட்டதால், அவள் பிள்ளை நடக்கப் பழகும்வரை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். என் மகளுக்கு அதில் பாதி. எதிர்வீட்டு மாடியில் குடியிருக்கும் பெண் நாலு பேர் வேலை செய்கிற தையல் கடையில் இருக்கிறாள். பத்துப் பேருக்குக் குறைந்த கடைகளுக்கு அந்தச் சட்டம் எட்டாது. அவள் அறுபதாம் நாள் மிஷின் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். மூன்று பிள்ளைகளும் ஒரே மாதிரிதான் அழுகின்றன.

"நீங்கள் ரெண்டு பேரும் வீட்டில்தானே இருக்கிறீர்கள்? பேத்தியைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் எதற்கு?" என்று வாசகர்கள் கேட்கலாம். ஊரே கேட்டது. என் மனைவிக்கு முழங்காலில் ஆபரேஷன் நடந்து ஒரு வருஷம் ஆகவில்லை. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். எனக்கு எழுபது தாண்டிவிட்டது. தவழ்கிற பிள்ளைக்கும் எழுபது வயதுக்காரனுக்கும் நடக்கிற ஓட்டப்பந்தயத்தில் யார் ஜெயிப்பார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. தவிர, வீட்டில் இருந்து எழுதுகிறவனை வேலை இல்லாதவன் என்று எண்ணுவது நம் நாட்டு வழக்கம். அதை எதிர்த்து நான் ஐம்பது வருஷமாகப் போராடித் தோற்றுவிட்டேன். இங்கே மறுபடி தொடங்குவதாக இல்லை.

ஆக, எங்கள் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. வடசேரிப் பக்கத்தில் மெயின் ரோட்டில் இருக்கிற ஒரு குழந்தைகள் காப்பகம். இப்போது எல்லாரும் 'டே கேர்' என்கிறார்கள். இல்லாவிட்டால், இரண்டு தெரு தள்ளித் தன் வீட்டிலேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஓர் அம்மாள். மூன்றாவதாக அங்கன்வாடி எங்கள் தெருமுனையிலேயே உண்டு. 1975 அக்டோபர் 2-ஆம் தேதி தொடங்கிய அந்தத் திட்டத்தில்தான் நம் நாட்டுப் பிள்ளைகள் கோடிக்கணக்கில் முட்டையும் சத்துமாவும் சாப்பிட்டு வளர்ந்தார்கள். ஆனால் ஏழு மாதக் குழந்தையை மாலை ஆறரை மணிவரை தூக்கி வைத்திருப்பதற்காக ஏற்பட்டதல்ல அது.

வீட்டில் இரண்டு கட்சி உண்டாயிற்று. மருமகன் காப்பகத்தின் கட்சி. அங்கே காமிரா வைத்திருக்கிறார்கள். செல்போனைத் திறந்தால் துபாயில் இருந்தபடியே மகள் என்ன செய்கிறாள் என்று பார்த்துக்கொள்ளலாம். பிறந்து இரண்டாவது மாதம் பார்த்துவிட்டுப் போன தகப்பன் வேறு எப்படி நினைப்பான்? என் மனைவி வீட்டு அம்மாளின் கட்சி. "ஒரு வீட்டுல வளரட்டும். பாசமாப் பாத்துக்கிடுவா" என்றாள். பாசமா, பத்திரமா என்று பட்டிமன்றம் வைக்காத குறைதான். என் மகள் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. இரவில் பிள்ளை தூங்கிய பிறகு அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேலையை விட்டுவிடலாமா என்பதுதான் அவள் மனதில் ஓடிய மூன்றாவது கட்சி என்று எனக்குத் தெரியும். அவள் அதை வாய்விட்டுச் சொல்வதற்குள் நான் இரண்டு இடத்தையும் பார்த்துவிட்டு வருவதென்று கிளம்பினேன்.

காப்பகம் பளிச்சென்று இருந்தது. சுவரெல்லாம் யானையும் முயலும். தரையில் மெத்தென்று விரிப்பு, குளிர்சாதனம், பால் கொடுத்த நேரம், துணி மாற்றிய நேரம், தூங்கிய நேரம் எல்லாவற்றையும் எழுதுவதற்கு ஓர் அட்டவணை. நடத்துகிற அம்மாள் குழந்தை வளர்ப்பில் டிப்ளமோ வாங்கியவர். கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். நான் கேட்ட ஒரு கேள்விக்கு மட்டும் அவர் சற்று யோசித்தார். "ஒரு ஆயாவுக்கு எத்தனை குழந்தை?" என்பதுதான் அது. பன்னிரண்டு குழந்தைகளுக்கு இரண்டு ஆயா.

அந்த இருவரில் ஒருத்தி அப்போது ஒரு பிள்ளையை மடியிலும் ஒரு பிள்ளையைத் தோளிலும் வைத்திருந்தாள். மூன்றாவது ஒன்று அவள் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. வேலைக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது என்றாள். அவளுக்கு முன் இருந்தவள் ஜவுளிக்கடைக்குப் போய்விட்டாளாம். அங்கே சம்பளம் கூட. இவள் சம்பளம் என்ன என்று மெதுவாகக் கேட்டேன். சொன்னாள். ஒரு குழந்தைக்கு நாங்கள் மாதம் கட்டவேண்டிய கட்டணத்தைவிடச் சற்றே கூடுதல்.

வீட்டுக்கு வரும் வழியில் கணக்குப் போட்டேன். ஆளுக்கு ஆறு குழந்தை. ஆறு கட்டணம் வருகிற இடத்தில் ஒரு கட்டணத்துக்குமேல் கொஞ்சம்தான் அவள் கைக்குப் போகிறது. மீதியெல்லாம் நடத்துகிறவர் பெட்டியில் விழுகிறது என்று எண்ணிவிடாதீர்கள். மெயின் ரோட்டு வாடகை, மின்சாரக் கட்டணம், பாங்கிக் கடன், பெயின்ட் அடித்த யானை, துபாய்க்குத் தெரிகிற காமிரா எல்லாவற்றுக்கும் அதிலிருந்துதான் கொடுக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் விலை கொடுத்தாகிவிட்டது. பிள்ளையைச் சுமக்கிற இடுப்புக்கு மட்டும் எஞ்சியது போகிறது.

மறுநாள் அந்த அம்மாளின் வீட்டுக்குப் போனேன். ஓட்டு வீடு, இரண்டு அறை, பின்னால் கிணறு. ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது; ஒன்று அவள் ஒக்கலில் இருந்தபடி கோழியை விரட்டிக்கொண்டிருந்தது. அம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். பேசிக்கொண்டே இருந்தாள். என்னிடம் அல்ல, ஒக்கலில் இருந்த பிள்ளையிடம். "கோழி எங்க போச்சு? அந்தா, மாமரத்துக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கு பாரு. நாளைக்கு முட்டை தருமா? தராதா?" பிள்ளை ஏதோ பதில் சொல்லிக்கொண்டிருந்தது, அது என்ன பாஷை என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. கிணற்றைப் பார்த்தேன். கைப்பிடிச் சுவர் தாழ்வு, வலை கிடையாது. அடுப்படிக்கும் அறைக்கும் நடுவே கதவு கிடையாது.

"என்ன தரணும் அம்மா?" என்று கேட்டேன்.

"நான் என்ன கேக்க அண்ணாச்சி? நீங்க பாத்துத் தாருங்க. பிள்ளைக்கிட்ட கணக்குப் பாக்கப்பிடாது" என்றாள்.

இந்தப் 'பாத்துத் தாருங்க' என்கிற வார்த்தை இருக்கிறதே, நம் பக்கத்தில் இதைவிட விலை உயர்ந்த வார்த்தை வேறு இல்லை. விலை கொடுக்கிறவர் சொல்பவர்தான். ஏனென்றால் பார்த்துக் கொடுக்கிறவர்களின் பார்வை எப்போதும் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும்.

பேச்சுவாக்கில் அவள் கதையும் வந்தது. இளம் வயதில் மார்த்தாண்டம் பக்கத்தில் ஓர் அண்டி ஆபீஸில் வேலை செய்தவள். கொல்லாங்கொட்டைத் தொழிற்சாலைக்கு எங்கள் ஊர்ப் பெயர் அண்டி ஆபீஸ். ஆபீஸ் என்ற பெயரை நம்பிவிட வேண்டாம். அங்கே தரையில் உட்கார்ந்து கொட்டையை உடைக்கிறவர்கள் ஏறத்தாழ எல்லாருமே பெண்கள். உடைத்த எடைக்குக் கூலி. தோட்டில் இருக்கிற எண்ணெய் பட்டால் கை பொத்துப்போகும். "அங்கே தொட்டில் உண்டா?" என்று கேட்டேன்.

"தொட்டில் எல்லாம் இருந்துது அண்ணாச்சி. அஞ்சு தொட்டில். இன்ஸ்பெக்டர் வாற அன்னைக்குக் கயிறு மாத்துவாவ. தொட்டிலப் பாத்துக்கிட ஆளுதான் இல்ல."

இதைக் கேட்டபின் சட்டப் புத்தகத்தைப் புரட்டும் ஆசை வந்தது. 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே இந்தத் தொட்டில் இருக்கிறது. ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்கிற ஆலையில் குழந்தைகளுக்கு ஓர் அறையும், அதைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்ற ஒரு பெண்ணும் இருக்கவேண்டும் என்றது. 1976-ல் அந்த ஐம்பதை முப்பதாக்கினார்கள். தோட்டத் தொழிலாளருக்கென்று 1951-ல் வந்த சட்டத்திலும் ஐம்பது பெண்கள் என்றார்கள். இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் இந்த இடத்துக்குப் 'பிள்ளைக் காம்பரா' என்று பெயர். எவ்வளவு அழகான பெயர்! ஆனால் பெண்களை மட்டும் எண்ணி வைத்த சட்டத்தில் ஒரு வினை உண்டு. முப்பது பெண்களைத் தாண்டினால் தொட்டில் கட்டவேண்டும் என்றால், தொட்டில் கட்ட விரும்பாத முதலாளி முப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

2017-ல் திருத்தியவர்கள் இதை உணர்ந்தார்களோ என்னவோ, பெண்கள் என்று சொல்லாமல், ஆண்களையும் சேர்த்து ஐம்பது ஊழியர்கள் என்று எழுதினார்கள். தாய் நாளைக்கு நாலு தடவை போய்ப் பிள்ளையைப் பார்த்து வரலாம் என்றும் சேர்த்தார்கள். பின்னால் 2020-ல் இயற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்த ஐம்பது அப்படியே இருக்கிறது. பிள்ளை என்பது பெண்ணுக்கு மட்டும் பிறப்பதல்ல என்பதைச் சட்டம் ஒப்புக்கொள்ள ஏறத்தாழ எழுபது வருஷம் ஆகியிருக்கிறது. இருக்கட்டும். என் மகளின் கிளையில் பதினொரு பேர். கம்பெனி முழுவதும் எண்ணினால் ஆயிரக்கணக்கில் வருவார்கள். ஆனால் பேத்திக்கு நாகர்கோவில் கிளையில்தானே தொட்டில் வேண்டும்?

காப்பகத்துக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் 'கிரச்'. நம் சட்டங்களிலும் அந்தப் பெயர்தான். 1844-ல் பாரிஸில், கூலி வேலைக்குப் போகிற ஏழைத் தாய்மார்களின் பிள்ளைகளுக்காக மார்போ என்பவர் முதல் கிரச்சைத் திறந்தார். அந்தச் சொல்லுக்கு மாட்டுக்குத் தீவனம் வைக்கிற தொட்டி என்று பொருள். ஏசுபாலனைக் கிடத்தியது அப்படி ஒரு தொட்டியில்தான். டிசம்பர் மாதத்தில் எங்கள் மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு குடில் கட்டி, வைக்கோல் பரப்பி, அந்தத் தொட்டியை வைக்கிறார்கள். இடம் இல்லாத தாய்க்குக் கிடைத்த இடம் என்பதே அந்தப் பெயரின் கதை.

நம் நாட்டிலும் அப்படி ஒரு கதை உண்டு. 1969-ல் காந்தி நூற்றாண்டுக்காக டில்லியில் கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. சித்தாள்களின் பிள்ளைகள் மண்ணிலும் கல்லிலும் கிடப்பதை மீரா மகாதேவன் என்ற அம்மையார் பார்த்தார். அங்கேயே ஒரு கூடாரம் போட்டார். மொபைல் கிரச்சஸ் என்ற ஸ்தாபனம் அந்தக் கூடாரத்திலிருந்து வளர்ந்ததுதான். கட்டடம் முடிந்து தாய்மார்கள் அடுத்த இடத்துக்குப் போனால் தொட்டிலும் கூடவே போகும்.

படித்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்றும் பார்த்தேன். அமெரிக்காவில் 1991-ல் பிறந்த 1,364 குழந்தைகளைப் பல வருஷம் விடாமல் பின்தொடர்ந்து ஓர் ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். காப்பகத்தில் வளர்ந்தவை, பிறர் வீட்டில் வளர்ந்தவை, தாயிடமே வளர்ந்தவை எல்லாம் அதில் உண்டு. நல்ல காப்பகத்தில் இருந்த பிள்ளைகள் பேச்சில் கொஞ்சம் முந்தினார்கள். நீண்ட நேரம் வெளியே இருந்த பிள்ளைகள் கொஞ்சம் கூடுதலாக முரண்டு பிடித்தார்கள். இரண்டுமே 'கொஞ்சம்'தான். எல்லாவற்றையும்விடப் பெரிதாக நின்றது பிள்ளையின் சொந்த வீடு; தாயும் தகப்பனும் அதனிடம் நடந்துகொள்கிற விதம். அடுத்தபடியாக, பார்த்துக்கொள்கிறவர் பிள்ளையோடு பேசுகிறாரா, அதன் பேச்சுக்குப் பதில் சொல்கிறாரா என்பது. ஒரு வயதுக்குள் என்றால் மூன்று குழந்தைக்கு ஒருவர் இருக்கவேண்டும் என்பது அந்த நாட்டுக் குழந்தை மருத்துவர்களின் கணக்கு. யானை வரைந்த சுவருக்கும் ஓட்டுக் கூரைக்கும் இதில் இடமே இல்லை.

இதைப் படித்தபோதுதான், எங்கள் வீட்டுப் பட்டிமன்றத்தில் தலைப்பே தவறு என்று தோன்றிற்று. எந்த இடம் என்று கேட்டுக்கொண்டிருந்தோம். எந்த ஆள் என்று கேட்டிருக்கவேண்டும். அந்த ஆள் எப்படி இருந்தால் பிள்ளையோடு பேசுவாள்? ஆறு பிள்ளைகளைச் சுமக்கிறவளுக்குப் பேச மூச்சு இருக்காது. கூலி போதாதவள் மூன்று மாதத்தில் ஜவுளிக்கடைக்குப் போய்விடுவாள். பிள்ளை மறுபடி புது முகத்தைப் பார்த்து அழும். 'பாசமாகப் பார்ப்பாளா' என்று கேட்கிறோமே தவிர, பாசமாகப் பார்க்கும்படி அவளை நாம் வைத்திருக்கிறோமா என்று கேட்பதில்லை.

அரசாங்கமும் நம்மைப் போலத்தான். அங்கன்வாடியில் வேலை செய்கிற பெண்களுக்கு மத்திய அரசின் திட்டத்தில் கொடுப்பதற்குச் சம்பளம் என்று பெயரில்லை. 'மதிப்பூதியம்' என்று பெயர். மதிப்பு முதலில் வந்துவிட்டதால் ஊதியம் பின்தங்கிவிட்டது போலும். அவர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2022 ஏப்ரலில்தான்.

இனி, நம் முன்னோர்கள் இதற்கு ஏன் சாஸ்திரம் எழுதவில்லை என்ற கேள்விக்கு வருகிறேன்.

"அந்தக் காலத்தில் கிரச்சா இருந்தது? நாங்கள் எல்லாம் வளரவில்லையா?" என்று என் வயதுக்காரர்கள் பெருமையாகச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்தக் காலத்திலும் இருந்தது. எங்கள் வீட்டிலேயே இருந்தது. அதற்கு ஏழு எட்டு வயது, இரட்டைச் சடை, பாவாடையைத் தூக்கிச் செருகியிருக்கும்.

எங்கள் ஊர் தோவாளைத் தாலுகாவில் பழையாற்றங்கரையில் ஒரு சின்ன கிராமம். நாஞ்சில் நாட்டு வயலுக்குக் கன்னிப்பூ, கும்பப்பூ என்று வருஷத்துக்கு இரண்டு போகம். பேச்சிப்பாறைத் தண்ணீர் வாய்க்காலில் வந்துவிட்டால் அம்மை நடவுக்குப் போய்விடுவாள். நடவு முடிந்தால் களை. களை முடிந்தால் அறுப்பு. வரப்பு மரத்தில் பழஞ்சேலையில் தொட்டில் கட்டி என்னைப் போட்டுவிட்டு வயலில் இறங்குவாள். தொட்டிலை ஆட்டுவதற்கு அக்கா. என்னைவிட ஏழு வயது மூத்தவள். நான் அழுதால் தூக்கி ஒக்கலில் வைத்துக்கொண்டு, நடவு நடக்கிற இடத்துக்கு வரப்பு வழியாக வருவாள். அம்மை கையைக் கழுவிவிட்டுப் பால் கொடுப்பாள். மறுபடி தூக்கிக்கொண்டு மரத்தடிக்குப் போவாள். எனக்கடுத்துத் தம்பி பிறந்தான். அவனுக்கும் அவள்தான்.

1956 நவம்பர் 1-ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தபோது எனக்கு மூன்று வயது. ஊரில் கொடி பிடித்துப் போனார்களாம். அக்காவின் ஒக்கலில் இருந்தபடி நான் அதைப் பார்த்தேனாம். அப்போது அவளுக்குப் பத்து வயது. மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது. யாரும் அவளை நிறுத்தவில்லை. நடவுக்காலத்தில் ஒரு மாதம் போகவில்லை. அறுப்புக்காலத்தில் ஒரு மாதம் போகவில்லை. பிறகு பள்ளிக்கூடமே அவளை மறந்துவிட்டது.

2011 மக்கள் கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலாவதாக வந்த மாவட்டம் எங்களுடையது. அந்தப் பெருமையைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அக்காவின் நினைவு வரும். நான் படித்துப் பட்டம் வாங்கினேன். தம்பி எஞ்சினீயர் ஆனான். அவள் தன் பெயரை எழுதுவாள்.

சாஸ்திரம் எழுதாததற்குக் காரணம் இதுதான். ஆள் பார்க்கவேண்டிய அவசியமே ஏற்படவில்லை. வீட்டுக்கு வீடு ஓர் ஆள் இருந்தாள். அவளை யாரும் பல்லைப் பிடித்துப் பார்க்கவில்லை, சம்பளம் பேசவில்லை, லீவு கேட்கலாம் என்று அவளுக்கும் தெரியாது. பிள்ளை வளர்ப்பு அந்தக் காலத்தில் செலவில்லாமல் நடந்தது என்று நாம் நினைக்கிறோம். செலவு இருந்தது, கொடுத்தவர் வேறு.

வீட்டுக்கு வந்து என் அபிப்பிராயத்தைச் சொன்னேன். வீட்டு அம்மாளிடம் விடலாம். ஆனால் 'பாத்துத் தருவது' கூடாது. காப்பகத்துக்கு என்ன கட்டுவோமோ அதையே முழுதாக அவள் கையில் கொடுப்போம். நம் பிள்ளையோடு மூன்று. நாலாவது பிள்ளையை எடுப்பதில்லை என்று அவள் ஒப்புக்கொள்ளவேண்டும். மூன்று வீட்டிலும் இதே தொகை கொடுத்தால் அந்தக் காப்பகத்து ஆயாவைப்போல மூன்று மடங்குக்குக் கொஞ்சம்தான் குறைவாக அவளுக்குக் கிடைக்கும். ஞாயிறு போக, மாதம் இரண்டு நாள் சம்பளத்தோடு லீவு. அந்த நாளில் பேத்தி என் பொறுப்பு, ஓட்டப்பந்தயத்தில் தோற்றாலும் சரி. கிணற்றுக்கு இரும்பு வலையும், அடுப்படிக்கு ஒரு குட்டைக் கதவும் எங்கள் செலவில்.

என் மனைவிக்கு இது பிடிக்கவில்லை. "துட்டுப் பேசித் தீத்துக்கிட்டா பாசம் எங்கே இருந்து வரும்?" என்றாள். டாக்டருக்குத் துட்டுக் கொடுத்துத்தானே முழங்காலைச் சரிசெய்தோம், அவர் அக்கறையாகப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. ஆனால் வலைக்கு அளவெடுக்க ஆசாரியைக் கூப்பிட்டது அவள்தான்.

மற்ற இரண்டு வீட்டாரிடமும் பேசவேண்டியிருந்தது. ஒரு வீட்டில் உடனே சம்மதித்தார்கள். இன்னொரு வீடு அந்தத் தையல் கடைப் பெண்ணின் வீடு. அவளால் அவ்வளவு முடியாது; அவள் சம்பளத்தில் பாதிக்குமேல் போய்விடும். தாயின் கூலியே குறைவாக இருக்கிற இடத்தில், பிள்ளையைப் பார்க்கிறவளுக்கு எங்கிருந்து நல்ல கூலி வரும்? ஒரு பெண்ணின் வறுமையை இன்னொரு பெண் சுமக்கிற இந்த இடத்தில்தான் அரசாங்கத்தின் தொட்டில் வேண்டியிருக்கிறது. வீட்டு அம்மாளே அதற்கு ஒரு தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "அவ முடிஞ்சதைத் தரட்டும் அண்ணாச்சி. எனக்கும் ஒரு காலத்துல தொட்டில் பாக்க ஆளில்லாமத்தானே இருந்துது."

மருமகனுக்குக் காமிரா இல்லாத குறை இருந்தது. அம்மாளின் மகன் அவளுக்குச் செல்போனில் முகம் பார்த்துப் பேசப் பழக்கிக் கொடுத்தான். இப்போது தினமும் மத்தியானம் ஐந்து நிமிஷம் துபாய்க்குப் பேசுகிறாள். காமிரா பிள்ளையைக் காட்டியிருக்கும். "மாப்பிள்ளே, இன்னைக்குக் கீழ்வரிசையில ஒரு பல்லு எட்டிப் பாக்குது" என்று சொல்லியிருக்காது.

காப்பகத்தை நான் குறை சொல்வதாக நினைக்கவேண்டாம். பேத்திக்கு மூன்று வயதாகும்போது அவளுக்குச் சேக்காளிகள் வேண்டும். அந்த அம்மாளுக்கும் ஓடிப் பிடிக்க வயது போதாது. அப்போது காப்பகத்துக்கோ அங்கன்வாடிக்கோ போவாள். போகும்போதும் நான் கேட்கப்போவது அதே கேள்விகளைத்தான். ஓர் ஆளுக்கு எத்தனை பிள்ளை? அந்த ஆள் எத்தனை நாளாக இருக்கிறாள்? அவளுக்கு என்ன கொடுக்கிறீர்கள்? மத்தியானம் அவள் உட்கார்ந்து சாப்பிட நேரம் உண்டா? ஒரு சாஸ்திரம் எழுதுவதானால் இந்த நாலு வரி போதும் என்று நினைக்கிறேன்.

சென்ற மாதம் அக்கா வந்திருந்தாள். எண்பதை நெருங்கிவிட்டாள், இடது இடுப்பு சற்றுச் சாய்ந்தே நடப்பாள். பிள்ளையை ஒக்கலில் வைத்து வைத்து வந்த சாய்வு என்று சின்ன வயதிலிருந்தே சொல்லுவார்கள். பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு, அந்த அம்மாளைப் பற்றியெல்லாம் விசாரித்தாள். மாதம் என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டாள். தொகையைச் சொன்னேன்.

"அவ்வளவா!" என்றாள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "குடுக்கணும்தான். லேசுப்பட்ட வேலையில்லே அது" என்றாள். பேத்தி அவள் மூக்குத்தியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அதன் கையை விலக்கிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"அப்பம் எனக்கு எவ்வளவுடே பாக்கி?"